பரீட்சைக்கு அப்பாற்பட்ட வினா

வினாத்தாளில் வாராத பகுதியை நம் மாணாக்கருட் பெரும்பாலோர் தொடுவதில்லை. தொடுவோரையும், வீண்காலம் போக்குகின்றனர் என்று பெற்றோரும் உபாத்தியாயருட் சிலரும் கடிந்துகொள்ளுகின்றனர். இவ்வெண்ணம் பெரும் பிழை என்பது எமது துணிபு. கணிதப் பேராசிரியர் வில்லியம் டட் என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்திலுள்ள நியூமார்க்கட் என்னும் ஊரில் 1917-ஆம் ஆண்டில் ஒரு தோட்டக்காரரின் மைந்தராய்ப் பிறந்த இவர், 1935-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்து பயின்றது கணிதமன்று, இரசாயன சாஸ்திரமேயாகும். ஆயினும் கணித மாணாக்கர் மூவரோடு நட்புப் பூண்டு, ஒரு விளையாட்டு வினாவில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். ஒரு சதுரத்தை, ஒன்றுக்கொன்று அளவில் ஒவ்வாத சிறு சதுரங்களாகப் பிரித்தல் கூடுமோ என்பதே அவ்வினா. எப்பரீட்சையும் அதனைக் கேட்டிலது. நால்வரும் அதனைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் மாற்றி வரைந்து, கம்பிகளின் வழியே மின்சாரம் பிரிந்தோடும் விதியோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்தம் கட்டுரை 1940-இல் வெளிவந்தது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் என்னும் துறைக்கு டட் இவ்வாறே வந்து சேர்ந்தார்.

யுத்த காலத்தில், 1941-இல், பிளெச்லி பார்க் என்னுமிடத்திற்கு அழைக்கப்பட்ட அவர், ஜெர்மானியரின் லோரென்ஸ் இரகசிய யந்திரத்தைக் கண்ணாற் காணாமலே, கைப்பற்றிய செய்திகளைக் கொண்டு அதன் அமைப்பை உய்த்துணர்ந்தார். அவ்வருஞ்செயலைப் பல்லாண்டு வெளியிடாது காத்தார். டெயிட் என்பார் 1884-இல் கூறிய ஒரு கொள்கை தவறென்பதை, 46 புள்ளிகளையுடைய ஓர் உருவினால் 1946-இல் நாட்டினார். 1948-இல் டாக்டர் பட்டம் பெற்று, கனடாவிலுள்ள டொராண்டோவில் அவ்வாண்டு முதலும், வாட்டர்லூவில் 1962 முதலும் ஆசிரியராயிருந்து, 1985-இல் ஓய்வு பெற்றார், 2002-இல் காலமானார்.

மேதாவிகள் சிலரே, ஏனையோர்க்குப் பட்டமன்றோ வயிற்றுக்கு வழி என்பர் சிலர். பட்டத்தை யாம் இகழ்ந்தோமல்லோம். டட் அவர்களும் இரசாயனத்தில் முதல் வகுப்பிற் தேறியவரே. தம் கடமையைச் செவ்வனே முடித்தார். அதனோடு தம் உள்ளம் விரும்பிய வினாவையும் கைவிட்டாரல்லர். இரண்டும் ஒருங்கே கூடும் என்பதே நாம் கற்கத்தக்க பாடம்.

தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனின் கதையை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். மதிப்பெண்ணுக்கு மாத்திரம் கற்பதும் அவ்வாறு புதைப்பதேயாம். ஆதலின் மாணாக்கர் ஒவ்வொருவரும், எவரும் கேளாத வினாவொன்றைத் தமக்கெனப் பேணுவாராக. அவ்வினாவோடு தம்மை அணுகும் மாணாக்கனை நோக்கி, "இது பரீட்சைக்கு வாராது" என்று கூறி அனுப்பிவிடாமல், "வா, பார்ப்போம்" என்று ஆசிரியரும் அருகே அமர்த்துவாராக.