நித்திரையும் நினைவும்

சோதனை நெருங்கிவிட்டால் குருக்கள்மடத்திலும் சில வீடுகளில் விளக்கு அணைவதில்லை. வாவிக்கு வலை கொண்டு சென்றவர் விடியலில் திரும்பும்போதும் பிள்ளை புத்தகமும் கையுமாக இருக்கும். தாய்மார்க்கு அது பெருமை. எமக்கோ அதில் உடன்பாடில்லை.

1924 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், இரண்டு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகள் பத்தை மனனஞ் செய்வித்து, எட்டு மணி நேரத்தின் பின் வினவினர். இடையில் உறங்கியிருந்தால் பாதிக்கு மேல் நினைவிலிருந்தது. பகற்பொழுதை விழித்தே கழித்திருந்தால் ஒன்றளவே எஞ்சியது!

கற்றதை முதலில் ஏற்பது மூளையின் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி. ஆழ்ந்த நித்திரையில் அது மீட்டப்பட்டு, மெல்ல மெல்ல மூளையின் மேற்புறணியில் நிலைபெறுகிறது. 1994 இல் எலிகளை ஆராய்ந்தோர், அவை விழிப்பில் ஓடிய இடங்களுக்குரிய நரம்பணுக்கள் பின்னர் நித்திரையிலும் ஒருங்கே இயங்கக் கண்டனர். எலியும் உறக்கத்தில் பாடம் ஒப்புவிக்கிறது போலும்!

ஆகவே பெற்றோரே, இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். காலையில் அதே பக்கத்தைக் கேளுங்கள். மாணவர்களே, ஒன்று: படியாமலே படுப்பவருக்கு இவ்வாராய்ச்சி துணை நில்லாது.