பெயர் சொல்லாத பணம்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலச் சட்டமன்றச் சபாநாயகராக இருந்தவர் லாரி ஹவுஸ்ஹோல்டர். ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் பணம் சுமார் 6 கோடி டாலர், கொடுத்தவர் பெயரை வெளியிடத் தேவையில்லாத ஓர் அமைப்பு வழியாக அவர் அணிக்குப் போனது. தேர்தலில் அவர் ஆட்கள் ஜெயித்தார்கள், அவர் சபாநாயகர் ஆனார். நஷ்டம் சொல்லிக்கொண்டிருந்த, அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய இரண்டு அணுமின் நிலையங்களுக்குக் கைகொடுக்க 2019-இல் சட்டம் வந்தது; செலவு மக்களின் மின்கட்டணத்தின் தலையில். அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டியவர்களை முறியடிக்கவும் இதே பணம்தான். கொஞ்சம் அவருடைய ஃப்ளோரிடா வீட்டைப் பழுதுபார்க்கவும் போயிற்று! இதற்காக 2023-இல் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். நியாயமே. ஆனால், பெயரை மறைத்துக் கொடுக்க வழிவிட்டது சட்டம்தானே? தேர்தலுக்குச் செலவழிக்கும் எந்த அமைப்பும் வாக்குப்பதிவுக்கு முன்பே நன்கொடையாளர் பட்டியலை வெளியிட்டாக வேண்டும்.