துண்டு

எங்க ஊர் பீங்கான் சூளையில் எட்டு வருசம் வெந்த பையன் ஒருத்தன் வங்கியில் என் முன்னால் வந்து நின்னான். வெளியூர் டைல்ஸ் கம்பெனியில் வேலை இருக்கு, அனுபவச் சான்று கேக்குறாங்க. பழைய முதலாளி தரமாட்டேன்னுட்டார். "உங்க சனத்துக்கு எதுக்குடா லெட்டரு?" பையன் செஞ்ச குத்தம், தனி டம்ளரில் டீ குடிக்க மறுத்தது.

தோழர்களே, இது புதுசில்ல. இலங்கைத் தோட்டங்களில் இதுக்குப் பேரே 'துண்டு'. கடனைக் கட்டினால் இந்தக் கூலியை விடுவிக்கிறேன் என்று துரை எழுதும் சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டம் சேர்க்காது. அங்கே கடன் சுமந்ததில் பெரும்பகுதி நம்ம சேரிச்சனம். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். காகிதம்தான் ஒழிந்தது.

1946 நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள் பணிச்சான்றை உரிமை என்றன, நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். (சூளையில் எவனுக்கய்யா நிரந்தரம்?) 2025 நவம்பரில் அமலான தொழிலுறவுத் தொகுப்பு, 300 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு நிலையாணையே வேண்டாம் என்றுவிட்டது. பத்துப் பேர் பட்டறையை யார் கேட்பது?

வேலைக்கு எடுக்கிறவனைத்தான் நாம் கேட்கணும்: தொழில் தெரியுமா என்று சூளை முன்னால் நிறுத்திப் பார். பழைய ஆண்டையின் வாய்வார்த்தை எதுக்கு? வேலை செஞ்சதுக்குச் சாட்சி வேணும்னா பி.எஃப். கணக்கின் பணிவரலாறு இருக்கு, சம்பளம் ஏறிய பாஸ்புக் இருக்கு.

அவனுக்குப் பதிவு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருசச் சம்பளம்தான் அதில் இருந்தது. முந்தின ஆறு வருசமும் சனிக்கிழமைக் கைக்காசு.