நகரத்தின் பங்கு

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்றால், மக்கள் முதலில் தட்டுவது வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான். அவர் கையில் மனு சேர்கிறது, நிதி சேர்வதில்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீர், சாலை, துப்புரவு, பூங்கா என 18 பணிகளை நகராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. ஆனால், அவற்றுக்கான வருவாயை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. ஊராட்சிகளும் நகரங்களும் இதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மக்கள் பங்களிப்புடன் உள்ளூர்ப் பணிகளைச் செய்யும் மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டத்திலோ, பெரும்பாலான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். வசதியான குடியிருப்பு அதைத் திரட்டிவிடும்; கழிவுநீர் தேங்கும் குடிசைப் பகுதி எங்கே போகும்? காரைக்குடியும் நாமக்கல்லும் 2024இல் மாநகராட்சிகளாகிவிட்டன. தரம் உயர்ந்தால் பொறுப்பும் செலவும் கூடவே உயரும். ஒவ்வொரு கால்வாய்க்கும் சமுதாயக் கூடத்துக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேயர்கள் கோட்டைக்கு அலையும் நிலை மாற வேண்டும். பகிர்வு விகிதத்தை அரசு உயர்த்தட்டும்; ஏழை வார்டுகளுக்கு மக்கள் பங்களிப்பிலிருந்து விலக்கு தரட்டும். நகரங்கள் கேட்பது சலுகை அல்ல, அங்கே வாழும் மக்கள் கட்டிய வரியில் அவர்களுக்குரிய பங்கு.