பையில் இடம் இருந்தால் நிரப்பத்தான் செய்வோம்

நாங்கள் நாலு பேர் நெடுந்தீவுக்குப் படம் எடுக்கப் போனபோது, எங்களிடம் இருந்த அத்தனை சாமானையும் ஒரு பெரிய முதுகுப் பையில் அடைத்துக்கொண்டு போனோம். யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவான் வரை பஸ்ஸில் நின்ற நிலைதான். பின்னுக்கு நின்ற ஒருவர் "தம்பி, உந்த மூட்டையைக் கழட்டிக் கீழ வையுமன்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். படகில் கடல் தண்ணி தெறிக்கத் தெறிக்கப் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி இருந்தோம். தீவில் இறங்கின பிறகு லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் பையைக் கழற்றி, நிலத்தில் வைத்து, சிப்பைத் திறக்க வேண்டும். அதற்குள் குதிரைகள் அந்தப் பக்கம் போய்விடும். பகல் முழுக்கக் காவித் திரிந்த ஐந்து லென்ஸில் மூன்றை வெளியில் எடுக்கவேயில்லை.

அதைவிட உறைத்தது வேறொன்று. பவளக்கல் மதில் ஓரம் நின்ற ஆச்சி ஒருவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். "எந்த ரீவியில இருந்து வாறியள்?" என்று கேட்டார். பிறகு சேலையைச் சரி செய்துகொண்டு நேராக நின்று, தண்ணீர் பிரச்சினையை மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார். எத்தனையோ பேர் இப்படி வந்து கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று எங்களுக்கு விளங்கியது. நாங்களும் அந்த வரிசையில் ஒரு ஆட்களாகிவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த சண்டை பிடிப்பின் முடிவுதான் இந்தக் கட்டுரை. பயணத்துக்கு முதலில் பையைத் தெரிவு செய்யுங்கள். தோளில் மாட்டுகிற, சின்னப் பை. அதற்குள் அடங்குவதை மட்டும் கொண்டுபோங்கள். நாங்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். கமெரா, லென்ஸ் எல்லாம் சேர்த்த பிறகு அத்தனையையும் விழுங்குகிற பை தேடுகிறோம்.

கணக்குப் பாருங்கள். கனன் 5டி மார்க் 3 பற்றரியோடு 950 கிராம். 24-105 லென்ஸ் 670 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1490 கிராம். மூன்றும் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேலே போய்விடும், பையின் பாரம் வேறு. அதே கனனின் 200டியும் 18-55 லென்ஸும் 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 830 கிராம்தான். கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிறவருக்கு முதலாவது தொகுதி தேவைப்படலாம். பஸ்ஸிலும் படகிலும் போய் நடந்து திரிகிறவருக்கு இரண்டாவது காணும்.

கமெராப் பை என்று பேர் போட்ட பைதான் வேண்டும் என்றும் இல்லை. இன்று உலகம் முழுக்கப் பேர்போன பில்லிங்ஹாம் நிறுவனம் 1973இல் மீன்பிடிப் பைகள் தைத்துத்தான் தொடங்கியது. புகைப்படக்காரர்கள் அதை வாங்கிக் கமெரா வைக்கத் தொடங்கிய பிறகே அவர்கள் கமெராப் பக்கம் திரும்பினார்கள். டோம்கி என்ற துணிப் பையை 1970களில் தனக்காக வடிவமைத்தவர் பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி. பெட்டி மாதிரி விறைத்து நிற்கும் பை அவருக்குச் சரிவரவில்லை. இந்தப் பைகளை வாங்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. வெளிநாட்டுப் பை எங்களில் பலருக்குக் கனவிலும் எட்டாது. நல்ல தடித்த துணிப் பை ஒன்று எடுத்து, உள்ளே வைக்கிற பஞ்சுத் தடுப்பை மட்டும் தனியாக வாங்குங்கள், அல்லது தெரிந்த தையல்காரரிடம் அளவு குடுத்துத் தைப்பியுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைக்குக் கமெராவையும் கொண்டுபோங்கள். வெறும் பையைத் தோளில் போட்டுப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். சாமானை வைத்து இருபது நிமிடம் நின்று பாருங்கள். தோள் பட்டி ஐந்து சென்ரிமீற்றர் அகலமாவது இருக்கட்டும், மெல்லிய பட்டி தோளை அறுக்கும். குறுக்காகப் போடும் அளவுக்கு நீளமும் வேண்டும். அப்போதுதான் சன நெரிசலில் பையை முன்னுக்கு இழுத்து வைக்கலாம். லென்ஸ் பூட்டின கமெரா ஒரு கையால் வெளியே வர வேண்டும். மழையில் நனைந்தால் அன்றிரவே பஞ்சுத் தடுப்பை வெளியே எடுத்துக் காய விடுங்கள். எங்கள் காலநிலையில் ஈரப் பைக்குள் கிடக்கிற லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். தடுப்புக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பக்கெற் போட்டு வையுங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். தோள் பை ஒரு பக்கத்தில்தான் பாரம் ஏற்றும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை தோள் மாற்றாவிட்டால் இரவில் கழுத்து வலிக்கும். முதுகு நோ உள்ளவர்கள் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், இரண்டு பட்டி உள்ள சின்னப் பையையே எடுங்கள்.

இன்னொரு கேள்வியை எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள். கமெரா இருப்பது தெரியாத பையோடு போவது ஆட்களை ஏமாற்றுவது மாதிரி இல்லையா? நியாயமான கேள்வி. "பையைத் திற" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த ஊர்களில் இருந்து வருகிறோம். பைக்குள் என்ன என்ற சந்தேகம் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. அதனால் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். பை சாதாரணமாக இருக்கலாம், ஆனால் கமெரா ஒளிந்திருக்கக் கூடாது. ஊருக்குள் நுழையும்போதே அதை வெளியே எடுத்துக் கழுத்தில் போட வேண்டும். கேட்காமல் முகத்தை எடுக்கக் கூடாது.

அடுத்த தடவை நெடுந்தீவுக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு துணிப் பையோடு போனோம். அதே ஆச்சி அதே மதிலடியில் இருந்தார். கழுத்தில் கிடந்த கமெராவைப் பார்த்தார். ரீவியைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்க பிள்ளையள், வெயிலுக்க திரியிறியள், தண்ணி குடிச்சியளோ?" என்றார். தண்ணிக்குக் கஷ்டப்படுகிற ஊரில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கு அவரை நாங்கள் எடுத்தது ஒரே ஒரு படம். மிச்ச நேரமெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தோம். பை பக்கத்தில் கிடந்தது, அதைப் பற்றி ஒருவருக்கும் நினைவே வரவில்லை.