மகள் மாதிரி, அம்மா மாதிரி

‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்குவோம்.’ இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மில் குறைவு. ஹாஸ்டல் வார்டன் சொல்வார். பேயிங் கெஸ்ட் வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா சொல்வார். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள். வீட்டு வேலை செய்யும் பெண் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், ‘உன்ன வேலைக்காரி மாதிரியா நடத்துறோம்? வீட்டு ஆள் மாதிரிதானே வச்சிருக்கோம்’ என்று பதில் வரும். கேட்டது சம்பளம், கிடைத்தது உறவு. உறவு கிடைத்த பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசினால் நன்றி கெட்டவள் என்று பெயர்.

இந்த ‘மாதிரி’ நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறும் இளம் பெண்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைக்கும் ஏற்பாடு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. அந்தக் குடும்பத்துக்கு ‘ஹோஸ்ட் ஃபேமிலி’ என்று பெயர். வந்து தங்குபவர் மகள். வீட்டில் இருப்பவர் அம்மா. விளம்பரப் படங்களில் இருவரும் அடுப்படியில் சேர்ந்து சிரிப்பார்கள். இந்த ஏற்பாட்டில் ‘குடும்பம்’ என்ற சொல் இரண்டு பெண்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறது என்பதே என் வாதம். வீட்டுப் பெண்ணின் உழைப்பை அது அன்பு என்று கணக்கெழுதுகிறது. வந்த பெண்ணின் பாதுகாப்பை நன்றிக்கடனுக்குள் புதைக்கிறது.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் நடத்துவது அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு. (தமிழில் ‘அமைதிப்படை’ என்றால் நமக்கு வேறு நினைவுகள் வரும் என்பதால் பெயரை அப்படியே விடுகிறேன்.) 1961 மார்ச் 1 அன்று ஜான் எஃப். கென்னடி கையெழுத்திட்டுத் தொடங்கிய அமைப்பு இது. அன்றிலிருந்து 2,40,000 பேருக்கு மேல் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ஆசிரியர்கள், குறிப்பாக ஆங்கில ஆசிரியர்கள். தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். 27 மாதப் பணியில் முதல் இரண்டு மூன்று மாதங்கள் பயிற்சி: காலையில் மொழி வகுப்பு, பிறகு கற்பித்தல் பயிற்சி, இரவில் ஏதோ ஒரு கிராமத்து வீடு. 2007 முதல் கம்போடியாவில் நடக்கும் திட்டத்தில், பயிற்சி முடிந்த பிறகும் தன்னார்வலர்கள் குடும்பங்களோடுதான் தங்குகிறார்கள். அந்த நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

கம்போடியக் கிராமத்தில் அந்த வீட்டின் அம்மாவுக்கு இன்று ஐம்பத்தைந்து, அறுபது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய காலத்தில், 1975 முதல் 1979 வரை, கெமெர் ரூஜ் ஆட்சி பள்ளிகளையே மூடிவிட்டது. 1980களில் பள்ளிகள் திறந்தபோது வெளிநாட்டு மொழிகளாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை வியட்நாமிய மொழியும் ரஷ்ய மொழியும். ஆங்கிலம் கற்றுக்கொள்ளத் தடை இருந்தது. ஒளிந்து படித்தவர்கள் உண்டு. 1990களில் ஐ.நா. படையும் அதன் பின்னால் தொண்டு நிறுவனங்களும் சுற்றுலாவும் வந்தபோது ஆங்கிலம் சோறு போடும் மொழியாகிவிட்டது. அவர் மகள் தலைமுறையில் ஏராளமான பெண்கள் ப்னோம் பென்னைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளுக்குத் தைக்கப் போனார்கள். அங்கே வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். சொந்த மகள் தொழிற்சாலைக்கு அருகில் வாடகை அறையில் நெருக்கியடித்துப் படுத்திருக்க, அவள் விட்டுப்போன அறையில் வெளிநாட்டு மகள் வந்து தங்குகிறாள். இதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியுமா?

குடும்பத்துக்குப் பணம் தரப்படுகிறது. உணவுக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு தொகை. அதில் என்னென்ன அடங்கும் என்பதைப் பார்க்க, அந்த அம்மாவின் ஒரு நாளை நினைத்துப்பாருங்கள். பயிற்சிக்குப் போகும் பெண்ணுக்கு முன்பே அவர் எழுந்திருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும், அவள் வயிறு புதிது. மீன் ஊறலான ப்ரஹோக்கின் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வேறு குழம்பு வைக்க வேண்டும். அவள் சாப்பிடாமல் வைத்தால் ஏன் என்று கவலைப்பட வேண்டும். அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகளுக்கு அவள் சார்பில் பதில் சொல்ல வேண்டும். இரவு அவள் அழுதால் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வேலை உண்டு, அதை யாரும் வேலை என்றே சொல்வதில்லை. மொழி கற்பிப்பது. கம்போடியாவிலும் நலம் விசாரிக்க ‘சோறு சாப்பிட்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். அதைச் சரியாகச் சொல்ல வந்த பெண்ணுக்குப் பழக்குபவர், அவள் பிழையாகச் சொல்லும்போது பத்தாவது தடவையும் பொறுமையாகத் திருத்துபவர் இந்த அம்மாதான். பகல் வகுப்பில் மொழி சொல்லிக்கொடுப்பவருக்கு ஒப்பந்தம் உண்டு, ஊதியம் உண்டு, ‘பயிற்றுநர்’ என்ற பெயர் உண்டு. மாலை முழுதும் அதே மொழியை வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பவருக்குப் பயிற்சி முடிவில் ஒரு பாராட்டு விழா, கையில் ஒரு சான்றிதழ்.

பணக்கார நாட்டிலும் கதை இதுதான். பிரிட்டனில் மொழிப் பள்ளிகளுக்கு வரும் மாணவர்களைத் தங்கவைக்கும் வீடுகளுக்கு ஒரு வரிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரி கிடையாது. சமைத்துப் போடுவதற்கும் துணி துவைத்துத் தருவதற்கும் வாங்கும் பணமும் அந்தக் கணக்கில்தான் சேரும். திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஒரு அறையை வாடகைக்கு விடு.’ சுவரும் கட்டிலும் வருமானம் ஈட்டுவதாகச் சட்டத்தின் பெயர் சொல்கிறது. சமைத்த கையைப் பற்றிப் பேச்சில்லை.

1972இல் மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் மற்றவர்களும் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கியபோது எதிரே வந்த முதல் பதில், ‘அன்பால் செய்வதற்கு விலை பேசுவதா?’ என்பதுதான். நமக்கும் இது பழக்கப்பட்ட பதில். திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலின் கீழ் வருகிறது. கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனதைக் கண்ணகி தன் இழப்பாகச் சொல்கிறாள். விருந்தோம்பலின் புகழ் வீட்டுக்கு, வேலை அவளுக்கு. ‘ஹோஸ்ட் மதர்’ என்பது இதன் ஆங்கிலப் பெயர்ப்பலகை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொடக்க நிலை ஆங்கில வகுப்பில் முதலில் வரும் பாடங்களில் ஒன்று குடும்பம். மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். ஷி டஸ் நாட் வொர்க். காலையில் ஒரு பெண் சமைத்துத் தந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய், அந்தப் பெண் வேலை செய்வதில்லை என்ற வாக்கியத்தை நாற்பது பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. உலகெங்கும் புகழ்பெற்ற செல்டா பயிற்சியில் குறைந்தது 120 மணி நேரம் படிப்பு, அதில் 6 மணி நேரம் மதிப்பீட்டுக்குரிய வகுப்பெடுத்தல். பாடம் திட்டமிடுவது, இலக்கணத்தை அலசுவது, மாணவரைப் புரிந்துகொள்வது எல்லாம் உண்டு. தன்னைத் தங்கவைத்த வீட்டைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரமும் கிடையாது.

இனி மகளின் பக்கம். மகள் என்று சொல்லிவிட்டால் மகளுக்குரிய கட்டுப்பாடுகளும் சேர்ந்தே வரும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், முட்டி மறைய உடுத்த வேண்டும், ஆண் நண்பர் வாசலோடு போய்விட வேண்டும். கம்போடியாவில் ‘ச்பாப் ஸ்ரெய்’ என்று ஒரு பழைய செய்யுள் நூல் உண்டு. பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், கணவனுக்கு எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் ஒழுக்க நூல். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்தார்கள். அந்த வீட்டு அம்மா அதைக் கேட்டு வளர்ந்தவர். வந்த பெண்ணுக்கு ஊரில் கெட்ட பெயர் வந்தால் அது தன் தலையில் விடியும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவரே காவல் காக்கிறார். தன்னை அடைத்த விதிகளை இன்னொரு பெண்மீது நிறைவேற்றும் வேலையும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. கோபம் அந்த அம்மாமீது திரும்பும். வீட்டு ஆண்கள்மீதோ, இந்த ஏற்பாட்டைச் செய்த அலுவலகத்தின்மீதோ திரும்பாது.

கோபமாவது பரவாயில்லை. அச்சம் வரும்போது? வீட்டில் ஒரு மாமா அளவுக்கு மீறி நெருங்கி உட்கார்கிறார், ஒரு அண்ணன் கதவைத் தட்டாமல் திறக்கிறார். வெறும் குடித்தனக்காரியாக இருந்தால் புகார் செய்யலாம், காலி செய்யலாம். மகள் எப்படிப் புகார் செய்வாள்? அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? அவர் மாத வருமானத்தில் ஒரு பகுதி தன் ஒரு வார்த்தையால் போய்விடும் என்பது தெரிந்தால்? குடும்பத்துக்குள் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது நாம் எல்லோரும் படித்த முதல் பாடமல்லவா?

அமைப்புகளும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன. 2000க்கும் 2009க்கும் இடையில் பீஸ் கோர் தன்னார்வலர்கள் பதிவு செய்த பாலியல் தாக்குதல்கள் ஆயிரத்துக்கும் மேல். இவை தங்கிய வீடுகளில் நடந்தவை என்று சொல்ல வரவில்லை. சொல்ல வருவது, சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை. 2011 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் முன்னாள் தன்னார்வலர்கள் வந்து பேசினார்கள். எச்சரித்தும் கேட்கவில்லை, நடந்த பின் எங்களையே குற்றம் சொன்னார்கள் என்றார்கள். பங்களாதேஷில் பணியாற்றிய ஒரு பெண், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபோது ஞானப்பல் பிடுங்கப் போவதாக மற்றவர்களிடம் சொல்லச் சொன்னார்கள் என்று சாட்சியம் அளித்தார். பெனின் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆங்கிலம் கற்பித்த கேட் பியூசி, பள்ளிச் சிறுமிகளை ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார் என்று ரகசியமாகப் புகார் எழுதினார். 2009 மார்ச்சில் அவர் கொல்லப்பட்டார். ரகசியம் காக்கப்படவில்லை என்று அவர் குடும்பம் போராடியது. அவர் பெயரிலேயே 2011 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. புகார் சொல்பவரின் பெயரைக் காக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு உதவ ஒரு அலுவலர் வேண்டும், பயிற்சியிலேயே இவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்கிறது அது. அமைப்பு தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு பெண் இறந்த பிறகு.

எதிர்வாதங்கள் தெரியும். பணத்தைப் பேசினால் பாசம் கெட்டுவிடும் என்பார்கள். பணம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. யார் கையில், எந்தப் பெயரில் என்பதுதான் கேள்வி. பிள்ளைகள்மேல் பாசமுள்ள ஆசிரியையிடம் ‘சம்பளம் வேண்டாம்தானே’ என்று யாரும் கேட்பதில்லை. அந்த அம்மாக்களே மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கலாம், மகிழ்ச்சி ஊதியத்துக்கு மாற்று இல்லை. அது அந்த நாட்டுப் பண்பாடு, நாம் தலையிடலாமா என்பார்கள். 2007இல் ச்பாப் ஸ்ரெய்யின் முழு வடிவம் கம்போடியப் பள்ளிப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. மிச்சமிருக்கும் பகுதிகளையும் எடுக்கச் சொல்லிக் குரல் கொடுப்பவர்கள் கம்போடியப் பெண்களே. பண்பாடு என்றதும் அந்த நாட்டு ஆண்களின் வசதி மட்டும் ஏன் நம் நினைவுக்கு வருகிறது?

ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். பணம் அவர் கையில் தரப்பட வேண்டும். அதில் சமையலும் மொழி கற்பித்தலும் தனித்தனி வேலையாக எழுதப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு, அன்று விருந்தாளி வெளியே சாப்பிடட்டும். வந்து தங்கும் பெண்ணுக்கு உள்ளிருந்து பூட்டும் அறையும் அதன் சாவியும், காரணம் சொல்லாமல் வீடு மாறும் உரிமையும் வேண்டும். அவள் வீடு மாறினாலும் அந்த அம்மாவுக்குப் பேசிய தொகை நிற்கக் கூடாது. ஒருத்தியின் பாதுகாப்பு இன்னொருத்தியின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற நிலை இருக்கும்வரை இரண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை இப்படி ஒரு பயிற்சிக்குப் போகலாம். ‘எங்க பொண்ணு மாதிரி’ என்று அங்கேயும் சொல்வார்கள். புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: சாவி யாரிடம்? பணம் யார் கையில்? ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட வேண்டிய எண் எது? அன்பு வருமானால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகும் வரும். வகுப்பில் குடும்பப் பாடம் நடத்தும் நாள் வரும்போது, ‘ஷி டஸ் நாட் வொர்க்’ என்ற வரியைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகளையே கேளுங்கள். தங்கள் அம்மா காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று அவர்களுக்குத் தெரியும்.