எங்கள் பரம்பரையில் இல்லையே!

"அம்மாவுக்கு இல்லை, அம்மம்மாவுக்கும் இல்லை. எனக்கு மட்டும் எப்படி வரும்?" பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துப் பெண் கேட்டார். மார்பகத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டியைப் பல மாதமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவர். கண்டி நகரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இந்த நம்பிக்கையைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது.

முதலில், கணக்கே பிழை. மார்பகப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பெற்றோர் வழி வந்த பரம்பரையலகுக் கோளாறு காரணம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சேதம் வாழ்நாளில், மார்பகக் கலங்களுக்குள்ளேயே நேர்கிறது.

பி53 என்ற புரதத்தைப் பாருங்கள். டீ.என்.ஏ. உடைந்தால் அது டீ.என்.ஏ.யில் குறித்த இடங்களைப் பற்றிப் பிடித்து, பி21 போன்ற பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். பி21 கலப்பிரிவை நிறுத்தும். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பழுதானால் முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தானே கை வைப்பார்கள்? அதே ஒழுங்குதான். திருத்த முடியாத சேதமென்றால் கலத்தைச் சாகவைக்கும் பரம்பரையலகுகளை எழுப்பும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் பி53 பழுதாகியிருக்கிறது, பெரும்பாலும் டீ.என்.ஏ.யைப் பிடிக்கும் பகுதியிலேயே. பிடி நழுவினால் பி21க்குக் கட்டளை போகாது. பழுதோடே கலம் பிரியும். இதில் அம்மம்மாவுக்கு என்ன பங்கு?

"புற்றுநோய் ஜீன்" என்று பிஆர்சிஏ1 என்ற பரம்பரையலகைப் பழிப்பதும் தவறு. 1990இல் ஆய்வாளர் மேரி-கிளேர் கிங் 17ஆம் நிறமூர்த்தத்தில் அதன் இடத்தைக் காட்டினார். 1994இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. உடைந்த டீ.என்.ஏ.யைத் திருத்தும் இந்தக் காவலாளி ஆண், பெண் எல்லோரிடமும் உண்டு. காவல் கெட்டால்தான் ஆபத்து. பரம்பரைக் கோளாறே இல்லாத சில கட்டிகளில் அதன் எழுத்து ஒன்றுகூட மாறியிராது; தொடக்கப் பகுதியில் மீதைல் கூட்டங்கள் ஒட்டி, படிக்கவிடாமல் பூட்டிவைத்திருக்கும்.

பரம்பரை என்றதும் தாய்வழியை மட்டும் எண்ணுவதும் பிழை. பழுதான பிரதி அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரும். அப்பாவின் அக்கா, தங்கைகளைப் பற்றி யார் விசாரிக்கிறோம்?

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்கள் வழியாக வெல் வுமன் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன. அங்கே மார்பகத்தையும் பரிசோதிப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால்தான் வரலாம் என்ற நிபந்தனை கிடையாது. 35 வயதானால் போதும்.